பூட்டிய போன் வாங்க இனயம் போனேன்

காலை எட்டரைக்குச் சுசீந்திரத்தில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சும்மா எதையாவது கொடுத்தாலே எனக்குப் பயம். வடசேரி வரைக்கும் அந்த இலவசச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கைப்பையில் முப்பத்தைந்தாயிரம் ரூபாய். வெள்ளிக்கிழமை என் மகள் நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா போகிறாள். ஒற்றைப் பிள்ளை. போய் இறங்கியதும் அவள் என்னைக் கூப்பிட நல்ல போன் வேண்டும். நாகர்கோவில் கடையில் ஐம்பத்தெட்டாயிரம் சொன்னார்கள். எந்த சிம்மும் போடலாமாம். அதே மாடல், புத்தம்புதுசு, கடற்கரை ஊரான இனயத்தில் செலின் என்பவளிடம் முப்பத்தைந்துக்கு இருக்கிறது என்று சந்தையில் மீன் விற்கும் ஒருத்தி சொன்னாள். இவ்வளவு குறைவாக யார் தருவார்கள்? களவுப் பொருளாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

ஒன்பதேகாலுக்கு வடசேரியில் இனயம் பஸ்.

"இனயத்துல யாரு வீட்டுக்கு அக்கா?" என்றார் கண்டக்டர்.

நான் கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டேன். பணத்தோடு போகிறவள் பஸ் முழுக்க விலாசம் சொல்வாளா?

"சும்மா கேட்டேன். முகத்தப் பாத்தா கேசுக்குப் போற மாதிரி இருக்கு" என்று சிரித்தார்.

திங்கள்சந்தை, கருங்கல் வழியாக முப்பது கிலோமீட்டருக்கு மேல். பதினொரு மணியளவில் இறங்கினேன். காற்றில் கருவாட்டு வாடை.

செலினும் மீன் வியாபாரிதான், நாற்பது வயதிருக்கும். மகள் பயணத்தைச் சொல்லிப் போனைக் கேட்டேன். எடுத்துக் கையில் தந்தாள்.

"எனக்க அக்கா அமெரிக்காவுல வாங்கி எனக்கு அனுப்பினது. முழுப் பைசாவும் குடுத்தாச்சு. அங்க சிம் விக்கிய கம்பெனிக்காரனே போனையும் வெல கொறச்சுத் தருவான். ஆனா அவனுக்க சிம்மு மட்டும்தான் எடுக்கும், பூட்டு போட்டிருப்பான். கொஞ்ச மாசம் அவனுக்க சிம்முல ஓடினாத்தான் தொறப்பான். இஞ்ச இது பேசாது."

பொருளின் குறையை முதலில் சொல்லும் வியாபாரியை நான் கண்டதில்லை. சந்தேகம் கூடியது. என் சிம்மைப் போட்டேன். ஏற்கவில்லை.

"உங்களுக்க மவ அங்கதான போறா? அந்தக் கம்பெனி சிம்மு போட்டா பேசும்."

"பேசலேன்னா?"

முன்பின் தெரியாத ஊரில், என் பிள்ளை ஊமைப் போனை வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்தேன். போனைத் திருப்பி நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அப்ப பைசா இப்ப வேண்டாம். கொண்டுபோங்க. மவ பேசினப்பொறவு தந்தா போதும், பேசலேன்னா போனத் தந்துருங்க. கடப்புறத்துல மீன எடுத்துட்டுப் போயி வித்தப்பொறவுதான பைசா குடுக்கோம்!"

எனக்குப் பகீரென்றது. பஸ் சீட்டுக்கே பயந்தவள் நான். ஆனால் இதில் எனக்கு என்ன நஷ்டம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. அவள் என் பெயரைக் கேட்கவில்லை. ஊரைக் கேட்கவில்லை. பெயர் கேட்காமல் பொருளைத் தள்ளிவிடுகிறாள் என்றால் களவேதான்! கருங்கல் பஸ் வந்து நின்றது. ஏறாமல், கோபத்தோடு திரும்பி நடந்தேன்.

"என் பேரு, ஊரு ஒண்ணும் கேக்கலியே? நான் இதோட ஓடிப்போனா என்ன செய்வ?"

செலின் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்தபடி எழுந்தாள்.

"நானே உங்களக் கூப்பிட்டு ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன், மறந்துபோச்சு. உங்களுக்க பேரு எதுக்கு அக்கா? மவளுக்க பேரச் சொல்லுங்க. வெள்ளிக்கிழம கோயில்ல ஒரு மெழுகுதிரி கொளுத்தணும். பிள்ள நல்லபடியா போய் எறங்கட்டு."

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் தெருவில் அத்தனை பேரும் என் மகளுக்குச் சம்பளம் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள்.

"சிவகாமி" என்றேன்.