முன்னறையில் இரண்டு பழைய கணினிகள்

ஐம்பதைத் தொட்ட ஆசிரியன் ஒருவன், பாதி செத்த இரண்டு கணினிகளை முன்னறையில் எதிரெதிரே வைத்து, அவை ஒன்றோடொன்று பேசுமா என்று மழைக்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான் என்றால் அவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? என் மனைவியும் அதைத்தான் நினைத்தாள்.

அவளிடம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் குசினியில், அடுப்புக்கும் அரிசி வாளிக்கும் நடுவில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அவளுக்கு அந்த முன்னறை வேண்டும்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். பேசலைன்னா பழைய இரும்புக்காரரக் கூப்பிட்டுருவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

ஒரு கணினி தேயிலை பெக்டரி ஆபீஸில் கழித்துப் போட்டது, டாஸ் என்ற பழைய மென்பொருளில் ஓடும். மற்றது கொழும்பிலிருந்து பஸ்ஸில் என் மடியில் வந்தது, யூனிக்ஸ் என்ற வேறொன்றில் ஓடும். டெல்நெட் என்ற பழைய முறையில், ஒன்றின் முன்னால் உட்கார்ந்தபடியே மற்றதை வேலை வாங்கலாம். புத்தகம் அப்படித்தான் சொன்னது.

ஞாயிறு காலை கேபிளை மாட்டினேன். டாஸ் திரையில் அடைப்புக்குறிகளும் இலக்கங்களுமாகக் கொட்டியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த பார்மசி நண்பர் சிரித்தார்.

"மாஸ்டர், நாம மொதல்ல பேசிக்கிட்ட மாதிரியே இருக்குங்க."

நாங்கள் அறிமுகமானது டிக்கோயா ஆஸ்பத்திரி வரிசையில். அவர் என்னைச் சிங்களவர் என்று நினைத்தார், நானும் அவரை அப்படித்தான். இருவரும் சிங்களத்திலேயே பேசிக்கொண்டிருந்தோம், நான் முக்கி முனகி. அவருக்குப் போன் வந்து, "ஆமா புள்ள, சோறு வச்சிரு" என்று அவர் சொன்ன பிறகுதான் குட்டு உடைந்தது.

"சிங்களம் நல்லா தெரிஞ்சவரு மாதிரி நீங்க ஆரம்பிச்சீங்க. நானும் நம்பி வேகமா பேசிட்டேன். உங்க மூஞ்சி அன்னைக்கி இந்தத் திரை மாதிரித்தான் இருந்திச்சு" என்றார் நண்பர்.

சுருக்கென்று பொறி தட்டியது. "நீ எந்த வகைத் திரை?" என்று யூனிக்ஸ் முதலில் கேட்கும். டாஸ் தனக்குச் சம்பந்தமில்லாத ஓர் உயர்ந்த ரகத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறது; யூனிக்ஸும் அதை நம்பி, இதற்குப் புரியாத குறிகளை அனுப்பியிருக்கிறது. பார்க்கக் கௌரவமாக இருக்கிறதே என்று அந்தப் பெயரைப் போட்டுவைத்தவன் நான். அதை அழித்துவிட்டு, ஆகச் சாதாரண ரகத்தின் பெயரைக் கொடுத்தேன்.

கொட்டல் நின்றது. டாஸ் திரையில் யூனிக்ஸ் அமைதியாக என் பெயரைக் கேட்டது. இந்தப் பக்கம் நான் தட்டிய எழுத்துக்கு அந்தப் பெட்டியின் வட்டு கிறுகிறுவென்று சுழன்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இந்த டெல்நெட் முறையை வகுத்தவர்கள் உலகில் எங்குமே இல்லாத ஒரு சாதுவான இயந்திரத்தைக் கற்பனை செய்தார்கள். பேச வரும் எந்தக் கணினியும் முதலில் அந்த இயந்திரமாக நடிக்க வேண்டும். அதற்குப் பிறகு, "எனக்கு இது தெரியும், செய்யட்டுமா?" என்று ஒன்று கேட்கலாம். "வேண்டாம்" என்று மற்றது சொன்னால், கேட்டது பேசாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்போது பிறந்தே இராத பெட்டிகளுக்கும் சேர்த்து யாரோ இவ்வளவு மரியாதையை எழுதிவைத்துப் போயிருக்கிறார்கள். ஹட்டன் மழையில், என் முன்னறையில், அது இன்னும் செல்லுபடியாகிறது. நண்பரும் சிரிப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி வாசலில் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

"பேசிருச்சுங்களா?"

"பேசிருச்சு."

"பக்கத்துல இருந்தாத்தான் பேசுமா?"

"சேச்சே. ஒன்னு இங்கேயும் ஒன்னு தூரத்துல பட்டிப்பொலையிலயும் இருந்தாலும் பேசும். அதுதானே இதுல அதிசயமே."

"அப்ப எதுக்குங்க ரெண்டையும் என் முன்ரூம்ல வச்சிருக்கீங்க?"