மெயிலின் அடியில் என் பெயர்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுத வந்ததற்கு மன்னியுங்கள். செங்கம் சாலையில் எங்கள் முதலாளிக்கு மூன்று விடுதிகள்; அறைப் பதிவு பார்ப்பது நான். ஊழியர்கள் அனுப்பும் மெயில்களின் அடியில் பெயர், பதவி, செல் நம்பர் வரும்படி அழகாக அமைக்கச் சொல்லி என்னிடம் பட்டியல் கொடுத்தார். என் பெயருக்கு நேரே மட்டும் அவருடைய நம்பர் இருந்தது.

"சார், இது உங்க நம்பருங்களே?"

"உனக்குத் தொல்லை கம்மியாகட்டும்னுதான்யா. ரூம் கேட்டு போன் போட்டே வெள்ளைக்காரன் உன்னச் சாப்பிட வுடறானா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. பௌர்ணமி கிரிவலத்துக்கு அறை கேட்கும் பழைய விருந்தினர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பிறகு என்னை வேலையிலிருந்து அனுப்பிவிடுவாரோ? இருந்தும் அவர் நம்பரையே போட்டேன்.

மறுநாள் பழைய விருந்தினர்கள் எல்லோருக்கும் அடியில் என் பெயரும் அவர் நம்பருமாக மெயில் போனது. நான்தான் அனுப்பினேன்.