அக்காவுக்கு ஊசி போட்ட இடம்

அக்காவின் கணவரை நாங்கள் மாமா என்போம். மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு கூடத்தில் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. இறந்தவர்களின் உடலை மேசையில் கிடத்துவது, ஈரத்துணி போர்த்துவது, மாணவர்கள் வெட்டிப் படித்துவிட்டுப் போனதும் கலைத்துப் போட்ட தசைகளை அதனதன் இடத்தில் திருப்பி வைப்பது எல்லாம் அவர்தான். மேசையில் இருப்பவர்களை 'அது' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'அவங்க' என்றுதான் சொல்வார். மூன்று முறை சோப்புப் போட்டாலும் அவர் மேல் மருந்து வாடை போகாது. கல்யாணமான புதிதில், உடலைக் கெடாமல் வைக்கும் அந்த மருந்தின் பெயரையே 'ஃபார்மலின்' என்று அவருக்குப் பட்டப்பெயராக வைத்தேன். கோபப்படவில்லை. அவருக்குக் கோபப்படவே தெரியாது, அந்தக் குறையை வீட்டில் நான் தீர்த்துவைக்கிறேன்.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேராசிரியர் இருக்கும்போது உதவியாளர் வாய் திறக்கக் கூடாது. அங்கே அடைத்து வைத்ததையெல்லாம் மாமா எங்கள் சாப்பாட்டு மேசையில் கொட்டுவார். "உடம்புலயே பெரிய தசை நாம உட்கார்ற இடத்துலதான் இருக்கு. எழுந்திருக்க, படியேற அதுதான் வேணும். அதைப் புத்தகப் பக்கம் மாதிரி புரட்டினா, அடியில சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு நரம்பு. காலுக்கே கரண்ட் அதுலதான் போகுது." நான் தட்டைத் தள்ளிவைப்பேன். அக்கா மட்டும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள்.

அந்த அக்காவுக்குத்தான் ஒரு நாள் காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். நம் ஆட்கள் நாசூக்காக 'இடுப்பு ஊசி' என்பார்களே, அதுதான். ஊசி ஏறியதும் கால் கட்டைவிரல் வரைக்கும் தீ பாய்ந்ததுபோல் இருந்ததாம். அலறியிருக்கிறாள். "மருந்து அப்படித்தாம்மா எரியும்" என்று அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வலது பாதம் தொங்கிவிட்டது. செருப்பு நிற்கவில்லை. அக்கா பை தைக்கும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவள். பெடலை மிதிக்கிற கால் அது.

பத்து நாள் அலைந்த பிறகு ஆஸ்பத்திரி ஒரு தாள் கொடுத்தது. 'பதற்றத்தால் வந்த பலவீனம்.' பதற்றமாம்! இருபது வருடம் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு தையல் கோணாதவளுக்குப் பதற்றமாம். கம்பெனி மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு, "ஊசியால வந்ததுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க, ஒரு வருஷம் செக்கிங் டேபிள்ல உட்கார வைக்கிறேன். இந்தத் தாளை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். பதினைந்து நாள் கெடு. அன்றே ஆஸ்பத்திரியில் புகார் எழுதிக் கொடுத்தேன்.

மாமா தாளை இரண்டு தடவை படித்தார். அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"துணியை மேலேருந்து இறக்கினியா, கீழேருந்து தூக்கினியா?"

இது என்ன கேள்வி என்று எனக்குக் கடுப்பாக இருந்தது.

"கீழேருந்துதான். படுக்கக் கட்டில் இல்ல, மறைப்பு இல்ல, கதவு திறந்து கிடக்கு. வரிசையில ஆம்பளைங்க. அவிழ்த்துக்கிட்டு நிக்க முடியுமா? அலமாரி ஓரமா ஒதுங்கி, கொஞ்சமா தூக்கிப் பிடிச்சேன். எல்லாரும் அப்படித்தான்."

மாமா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தலைமை டாக்டர், ஊசி போட்ட நர்ஸ், எழுதிக்கொள்ள ஒரு கிளார்க், எதிரே நாங்கள் மூன்று பேர். டாக்டர் கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே ஆரம்பித்தார்.

"மேல்பக்கம், வெளிப்பக்கக் கால்வாசியில போட்டதா சிஸ்டர் எழுதியிருக்காங்க. புத்தகத்துல இருக்கிறது அதுதான். தப்பே இல்ல."

"எதோட மேல்பக்கம் சார்?" என்றார் மாமா.

டாக்டர் இப்போது நிமிர்ந்தார். மாமா சட்டைப்பையிலிருந்து சாக்குக்கட்டி எடுத்தார். "கொஞ்சம் திரும்பி நில்லும்மா" என்றார் என்னிடம். வேறு நாளாக இருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன். அன்றைக்கு இருந்த கோபத்தில் வெட்கமாவது ஒன்றாவது! உடுப்பின் மேலேயே இடுப்பெலும்பின் மேல்விளிம்பைக் குறித்தார், உட்காரும் எலும்பைக் குறித்தார், தொடையெலும்பு முட்டுகிற இடத்தைக் குறித்தார். நடுவே நரம்பு போகும் வழியைக் கோடு இழுத்தார். பிறகு என் இடுப்பிலிருந்து பின்பக்கத்தின் பாதிவரைக்கும் ஒரு துண்டால் மறைத்தார்.

"சிஸ்டர், அன்னைக்கு உங்க கண்ணுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதானே? இதுல மேல்பக்கம், வெளிப்பக்கம் காட்டுங்க."

நர்ஸ் விரலை வைத்தார். கோட்டுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சட்டைப் பொத்தான் அகலம்கூட இல்லை. துணி மேலிருந்து இறங்கியிருந்தால் அந்த விரல் இன்னும் மேலே போயிருக்கும். விரலை எடுக்காமலே அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு நாளைக்கு நூறு பேருக்குப் போடறேன் சார். கட்டிலும் மறைப்பும் கேட்டு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன்."

டாக்டர் அந்தப் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. "சரி, ஊசியாலதான்னு எழுதித் தர்றேன். காரணம், சிஸ்டரோட கவனக்குறைவு. கையெழுத்துப் போடுங்க, அவங்களை இன்னைக்கே நிறுத்திடறேன்" என்று பேனாவை நீட்டினார். உண்மையைச் சொல்கிறேன், நானாக இருந்தால் போட்டிருப்பேன். கெடு முடிய இரண்டு நாள்தான் இருந்தது.

அக்கா பேனாவை வாங்கவில்லை. "கட்டில் இல்ல, மறைப்பு இல்லன்னும் எழுதுங்க."

"அதெல்லாம் இதுல வராதும்மா. உனக்கு வேலை முக்கியமா, இவங்க முக்கியமா?"

"நாளைக்குக் காய்ச்சல் வந்தா நான் இங்கதானே சார் வரணும்?"

டாக்டர் கோப்பை மூடப் போனார். மாமா மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இருபத்தாறு வருடத்துக்கும் சேர்த்துத் தட்டியதுபோல் இருந்தது.

"எழுதுங்க சார். இல்லேன்னா, வருஷா வருஷம் எங்க மேசையில இந்த நரம்பைத் தேடுற பிள்ளைங்ககிட்ட, யார் இருந்தாலும் வாயைத் திறந்து சொல்வேன். இந்த ஆஸ்பத்திரியில ஒரு மறைப்பு வாங்கிப் போடாம, ஒருத்தி காலை முடக்கிட்டு, பதற்றம்னு எழுதினாங்கன்னு சொல்வேன். எத்தனை பேர் டாக்டராகி வெளிய போறாங்க தெரியுமா?"

டாக்டர் எழுதினார். ஊசி, கட்டில், மறைப்பு, மூன்று தடவை கேட்டது எல்லாவற்றையும் எழுதினார். அக்கா எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்த பிறகே கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும் வழியில்தான் ஊசி போடும் அறை. கதவு அப்படியே திறந்து கிடந்தது. வரிசையில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். உள்ளே அலமாரி ஓரமாக ஒரு பெண் துணியைக் கீழிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா என் கையை உதறிவிட்டு, தொங்கும் பாதத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போய் வாசலை அடைத்து நின்றாள்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள் வரிசையைப் பார்த்து. யாரும் அசையவில்லை. "திரும்புங்கன்னு சொன்னேன்!"

திரும்பினார்கள்.

"நீ மேலேருந்து இறக்கும்மா" என்றாள் உள்ளே இருந்தவளிடம். "அவசரமில்ல. நான் நிக்கறேன்."