பெட்டியில் வந்த மாத்திரை

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து நான் வீட்டுக்குக் கிளம்பியபோது, தஞ்சாவூர் டாக்டரம்மா இரண்டு கட்டளைகள் போட்டார். இரண்டு மாதத்துக்கு எந்த மாத்திரையையும் முழுசாக விழுங்கக் கூடாது, பொடித்துத்தான் சாப்பிட வேண்டும். ஒரு வருஷமாவது கர்ப்பம் தரிக்கக் கூடாது. முதல் கட்டளையை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். இரண்டாவதை மீறுவதற்கு வரும் வழியில், வேனிலேயே திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன்.

என் கணவர் துபாயில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. 'கல்யாணமாகி ஒன்பது வருஷமாச்சு, இன்னும் ஒண்ணும் இல்லையா?' என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன ஒன்பது வருஷம்? நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம்கூடத் தேறாது. இதில் எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி வேறு. மாதவிலக்கு அதன் இஷ்டத்துக்கு வரும், இஷ்டமில்லாவிட்டால் மூன்று மாதம் வராது. அதுவும் அவர் லீவும் ஒரு தடவைகூட ஒத்துப்போனதில்லை. நடந்தும் பட்டினி கிடந்தும் குறையாத உடம்பை, கடைசியில் கத்தி வைத்துத்தான் குறைக்க வேண்டியிருந்தது. அடுத்த லீவு ஆபரேஷன் முடிந்த ஐந்தாவது மாதத்தில் வருவதாக இருந்தது. அதை விட்டால் இன்னும் இரண்டு வருஷம். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது.

அந்த 'ஒரு வருஷம்' கட்டளையை நான் அவரிடமும் சொல்லவில்லை, மாமியிடமும் சொல்லவில்லை. மாமி என்றால் என் மாமியார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஏலக்காய் இடிக்கிற குட்டி உரல்தான் எனக்கு மாத்திரை உரலானது. இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின், அப்புறம் நீர்க்கட்டிக்கான மாத்திரை. எவ்வளவு கழுவினாலும் வாசனை போகாது. "டீ ஏன்மா கசக்குது?" என்று மாமி நாலு நாள் கேட்டுவிட்டு, ஐந்தாம் நாள் ஏலக்காய் போடுவதையே நிறுத்திவிட்டார். நீர்க்கட்டிக்குத் தருவதும் சர்க்கரைக்குத் தருவதும் ஒரே மாத்திரைதான். அதனால் மருந்துக்கடைக்காரர் வழியாகத் தெரு முழுக்க நான் சர்க்கரை நோயாளி ஆனேன். ஆகிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். சர்க்கரை என்றால் இரண்டு கேள்வியோடு முடியும். நீர்க்கட்டி என்றால் படுக்கையறை வரைக்கும் வந்து விசாரிப்பார்கள்.

உடம்பு இறங்கியது. மாதவிலக்கு மட்டும் வருகிற வழியாக இல்லை. சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடப்பேன். குறுவை நாற்று பறித்துவிட்டு ஏறும் பெண்கள், "எங்கங்க இவ்வளவு வேகமா?" என்று கேட்பார்கள். எங்கேயும் இல்லை. சும்மா நின்றால் அவர் லீவுத் தேதிதான் ஞாபகம் வரும், அதற்காகத்தான் நடந்தேன்.

போனில் அவரிடம் புலம்பினேன். "உள்ளூர் மாத்திரை கேக்கலையோ என்னவோ. நா இங்கேருந்து நல்லதா அனுப்புறேன்" என்றார்.

எங்கள் தெருவில் வெளிநாட்டிலிருந்து கார்கோ பெட்டி வந்தால் அது பொதுச்சொத்து. பெட்டியைப் பிரிக்கும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிடுவார்கள். ஆளுக்கொரு சோப்பு, ஒரு தைலம், ஒரு பிடி பாதாம் தராமல் அனுப்பினால் மாமிக்குத் தூக்கம் வராது. அந்தப் பெட்டியில் என் நீர்க்கட்டி மாத்திரையும் வந்தது, கூடின வீரியத்தில், பெரிய பெரிய அட்டைகளாக. வெளிநாட்டு மாத்திரை என்றால் எங்கள் தெருவில் யாரும் டாக்டர் சீட்டு கேட்பதில்லை. சர்க்கரைக்காரர்கள் இரண்டு பேர் ஆசைப்பட்டார்கள் என்று மாமி ஆளுக்கொரு அட்டை தானமும் செய்தார்.

டாக்டரம்மாவிடம் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கேட்டால் 'எதுக்கு இப்ப வீரியம் கூடினது?' என்பார். அப்புறம் லீவு விஷயம் வரும், கர்ப்ப விஷயம் வரும். வேண்டாம் என்று உரலை எடுத்தேன். லேசில் பொடியவில்லை. தண்ணீரில் கரைத்தால் கஞ்சி மாதிரி வழவழத்தது. வெளிநாட்டுச் சரக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, காலை ஒன்று, மாலை ஒன்று என்று குடித்தேன்.

இரண்டாம் நாள் வாந்தியும் பேதியும். மாதவிலக்கு வரப்போகிற அறிகுறி என்று சந்தோஷப்பட்ட முட்டாள் நான். மூன்றாம் நாள் காலை அடுப்படி வாசலிலேயே விழுந்தேன். கண் விழித்தபோது தஞ்சாவூரில் கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நாள் பூரா கொஞ்சங்கொஞ்சமா கரைய வேண்டிய மாத்திரை. இதப் போயி பொடிச்சீங்களா?"

"நீங்கதானே பொடிக்கச் சொன்னீங்க."

"நான் எழுதிக் கொடுத்ததப் பொடிக்கச் சொன்னேன். இது வீரியமும் ரெண்டு மடங்கு. அப்படி என்னங்க அவசரம்?"

பக்கத்தில் மாமி நின்றிருந்தார். மறைக்கத் தெம்பில்லை. "அவங்க லீவுல வர்றாங்க" என்றேன். டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப நீங்க சாப்பிடுறது உங்க உடம்புக்கே பத்தல. புள்ளைக்கு எங்கேருந்து போகும்? எடை இறங்க இறங்க உங்களுக்குக் கரு தங்குற வாய்ப்பு கூடும். அதனாலதான் ஒரு வருஷம் ஜாக்கிரதையா இருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

கரு தங்கும் என்று ஒரு டாக்டர் சொல்ல மாட்டாரா என்று ஒன்பது வருஷம் ஏங்கியிருக்கிறேன். சொன்னது இப்படி, எச்சரிக்கையாக. அழுதுவிட்டேன்.

மாமி திட்டவில்லை. வராந்தாவுக்குப் போய், தானம் கொடுத்த வீடுகளுக்குப் போன் போட்டு, "அத முழுங்கிராதீங்க, தூக்கிப் போடுங்க!" என்று ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்தினார். திரும்பி வந்து, "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் வீட்டுக்கு வந்தேன். அதற்குள் மாமி துபாய்க்குப் போன் போட்டு அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். மத்தியானம் போன் வந்தது. அவர் கோபப்படவில்லை.

"சரி விடு. லீவத் தள்ளிப் போட்டுடறேன். கேட்டா அடுத்த வருஷம் குடுப்பாங்க. அதுக்குள்ள டாக்டர் சொன்ன ஒரு வருஷமும் முடிஞ்சிரும்ல?"

நியாயமான பேச்சு. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாமிகூடத் தலையாட்டினார். எனக்குத்தான் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"அப்ப புள்ள உண்டாகாதுன்னா நீங்க ஊருக்கே வரமாட்டீங்களா?"

மாமி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். கேட்டு முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? லீவு வருகிறது, தேதி வருகிறது என்றுதான் இத்தனை மாதமும் தவித்தேன். அவர் வருகிறார் என்று ஒரு நாளாவது நினைத்தேனா?

"தள்ளிப் போடாதீங்க. வாங்க" என்றேன்.

"வந்து நாப்பத்தஞ்சு நாளும் என்ன பண்றது?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

"வாங்க, பாப்போம்" என்றேன்.