பூட்டக்காவின் ஜீப்

தெருவே அவளைப் பூட்டக்கா என்றது. முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் மட்டும் யாருக்கும் இல்லை. ஜீப்புக்கு அவள் போட்டிருந்த காவலைப் பார்த்தால், பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஷெட் கதவுக்கு ஒரு பூட்டு. ஸ்டீயரிங்கையும் கிளட்ச்சையும் சேர்த்துப் பிணைக்கும் இரும்புக் கம்பிக்கு இன்னொரு பூட்டு. இரண்டையும் உடைத்து எவனாவது உள்ளே உட்கார்ந்தாலும் வண்டி கிளம்பக்கூடாது என்று டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு ரகசிய சுவிட்ச். சாவிக்கொத்து விழித்திருக்கும்போது இடுப்பில், படுத்தால் தலையணைக்கு அடியில்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மலைப்பாதையில் ஏறக்கூடிய பழைய ஜீப்புகளுக்கு ஊரில் திடீரென்று கிராக்கி வந்திருந்தது. தூக்கிக்கொண்டு போய், அக்கக்காகக் கழற்றி விற்றுவிடுகிறார்கள் என்று பேச்சு. பின்தெருவில் ஒருவர் காலையில் எழுந்து பார்த்தபோது, வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் மிச்சம். பூட்டக்கா வீட்டில் உலை கொதிப்பதே அந்த ஜீப்பை நம்பி. மலை உச்சியில் இருக்கும் செல்போன் டவருக்கு தினமும் காலையில் ஊழியர்களையும் பேட்டரிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் வேலை. மலையடிவாரம் வரைதான் தார்ச்சாலை, அதற்குமேல் கல்லும் சேறும். ஒரு நாள் வரத் தவறினால் போதும், அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்ள நாலு பேர் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

முன்பு ஓட்டியவர் அவளுடைய கணவர். ஒரு மழை நாளில், உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு வளைவில் வண்டி புரண்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. நசுங்கிய கால் ஒருவழியாகத் தேறி, லேசான நொண்டலோடு நின்றுகொண்டது. மனசுதான் தேறவில்லை. இனி ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜீப் பேச்சு எடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார். வேறு வழியில்லாமல் கொழுந்தனிடம் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் மாதம் டவர்க்காரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்போது பின்னால் குறட்டை விடுகிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பாதி ஆயுளை அடுப்படியில் கழித்தவளுக்கு, அந்த இருக்கையில் உட்கார்ந்தால்தான் தான் ஒரு ஆள் என்று தோன்றியது.

சந்தேகம் ஒரு குமிழில் ஆரம்பித்தது. அந்த ஜீப்பின் முன்சக்கரங்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குமிழ் உண்டு. கரடுமுரடான பாதைக்கு முன்னால் இறங்கி அதைக் கையால் திருகிவிட்டால்தான் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் பழையபடி திருப்பிவிட வேண்டும். அவள் ஒருநாளும் மறந்தவள் இல்லை. அன்று காலை மலையடிவாரத்தில் இறங்கிக் குனிந்தால், வலப்பக்கக் குமிழ் ஏற்கெனவே திருகப்பட்டிருந்தது.

யாரோ வண்டியை எடுத்திருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு மலைக்குப் போய், திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். திருடுவதற்கு முன்னால் வெள்ளோட்டம் பார்க்கிறான் எவனோ என்றுதான் அவளுக்குப் பட்டது.

அன்றிலிருந்து கண்ணில் பட்டவர்கள் எல்லாம் திருடர்கள். ஷெட்டுக்கு எதிரே பட்டறை வைத்திருந்த மெக்கானிக் எப்போதும்போலச் சிரித்தான். இவ்வளவு நாள் இல்லாமல் இப்போது எதற்குச் சிரிக்கிறான் என்று யோசித்தாள். ரகசிய சுவிட்சை வைத்துக் கொடுத்ததே அவன்தானே. கொழுந்தன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவான், அவள் அசந்து தூங்கும் நேரமும் அதுதான். வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவன், சொந்த வண்டிமேல் ஆசை இருக்காதா? ஒருநாள் வாயைத் திறந்தே கேட்டுவிட்டாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

"அண்ணி, உங்களுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தவன் நான். எனக்கு வேணும்னா அன்னைக்கே எடுத்துட்டுப் போயிருப்பேன்."

அதற்குப் பிறகு அவன் சாப்பிட வருவதில்லை. குற்றமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கிறது என்று அவள் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டாள். ஆனால் அவன் வராத நாட்களிலும், அவள் திரும்பி வந்து கழுவிவைத்த டயர் இடுக்கில் புதுச் சேறு இருந்தது.

கடைசியில் ஒரு மத்தியானம், தலைவலி மாத்திரை வாங்கி வருகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு, சாவிக்கொத்தை வேண்டுமென்றே தலையணைக்கு அடியில் விட்டுக் கிளம்பினாள். ஷெட்டின் பின்பக்கத் தகரத்தை விலக்கி உள்ளே நுழைந்து, ஜீப்பின் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டாள். கையில் ஒரு ஸ்பானர். வருகிறவன் மண்டையைப் பிளப்பது என்று முடிவு.

பூட்டு திறந்தது. சிமென்ட் தரையில் ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்து வரும் சத்தம். அந்த நடையை அவள் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வாள். ஸ்பானரைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது. அவர் தேடாமலே ரகசிய சுவிட்சைத் தட்டினார், கம்பியைக் கழற்றினார், வண்டியைக் கிளப்பினார்.

மலையடிவாரத்தில் இறங்கிக் குமிழ்களைத் திருகினார். பிறகு மெல்ல மெல்ல ஏறினார். கல்லில் சக்கரம் ஏறி இறங்குவதை முதுகில் உணர்ந்தபடி அவள் கிடந்தாள். நன்றாகத்தான் ஓட்டினார், அவளைவிட நன்றாக. எந்த இடத்துக்குப் போகிறார் என்று புரிந்துவிட்டது. அந்த வளைவுக்கு முன்னால் வண்டி நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி நின்றது. பிறகு ரிவர்ஸ் கியர் விழும் சத்தம்.

அவள் தார்ப்பாயை விலக்கி எழுந்தாள். அவர் வெலவெலத்துப்போனார்.

"வண்டி திருடு போகுதுன்னு காவலுக்கு வந்தேன்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. "சொந்த வண்டியை எதுக்கு இப்படித் திருட்டுத்தனமா எடுக்கறீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பியா?"

உங்கள் கால், டவர் வேலை, வண்டிக்கு ஏதாவது ஆனால் என்ன கதி என்று சொல்வதற்கு எல்லாம் தயாராக இருந்தது. எல்லாம் உண்மைதான், எதுவும் காரணம் இல்லை. வளைவுக்கு முன்னால் வண்டி நின்றபோது அவள் மனசுக்குள் வந்தது ஒரே வார்த்தை: அப்பாடா. அவர் தாண்டிவிட்டால் ஓட்டுகிற இருக்கை கைவிட்டுப் போய்விடும், தாண்டக் கூடாது என்று பாய்க்கு அடியில் வேண்டிக்கொண்டு கிடந்தவள் அவள்தான். வெட்கமாக இருந்தது.

"மாட்டேன்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். சாவியைத் திருகி என்ஜினை நிறுத்தி, கொத்தை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டு, பக்கத்து இருக்கைக்கு நகரப் போனார். அவள் அதை வாங்காமல் இறங்கிச் சுற்றிவந்து, அந்தப் பக்கக் கதவைத் திறந்து தானே அங்கே உட்கார்ந்துகொண்டாள்.

"நகர வேணாம். நீங்களே போங்க."

அவர் சாவியைத் திரும்பத் துளையில் வைத்துக் கிளப்பினார். வளைவில் ஒரு சக்கரம் வழுக்கியது, பிடித்தது, மறுபடி வழுக்கியது. பிறகு வண்டி அந்தப் பக்கம் ஏறி நின்றது. அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நிமிர்ந்து பார்த்தபோது அவளும் அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பாதி அதுவும்தான்.