படுத்தே வரும் போத்தல்

டோர்செட் பார்க் அடுக்குமாடியின் லிஃப்டை வீடு மாறுகிறவர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். மெத்தை, ரைஸ் குக்கர், வீடியோ டெக் என்று ஏறிக்கொண்டே இருக்கிறது. டொராண்டோ விமான நிலையத்திலிருந்து நேராக வந்தவன் நான். பெட்டியோடு நின்று நின்று எரிச்சலாகிறது.

ஒருவழியாக உள்ளே நுழைகிறேன். கடைசியாக வருகிறவர் கம்பளியில் சுற்றிய எதையோ இரு கைகளிலும் ஏந்தியிருக்கிறார். தூங்கும் குழந்தை என்று நினைத்து ஒதுங்கி இடம் விடுகிறேன். கூட வந்த சிறுமி சிரித்துக்கொண்டே கம்பளியை விலக்கிக் காட்டுகிறாள். உள்ளே ஒரு வைன் போத்தல்.

"நிமித்தக் கூடாது தம்பி. படுத்திருந்தால்தான் தக்கை ஈரமா இருக்கும். காய்ஞ்சால் காத்து உள்ள போய்ப் பழுதாகிடும்."

கனடா வருமுன் பிரான்சில், பொர்தோ பக்கம் ஒரு பழைய தோட்டத்தில் திராட்சை வெட்டினாராம். அந்தக் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால், அந்த வருஷத்து வைனில் ஒரு போத்தலை நிலவறையில் படுக்கவைப்பது தலைமுறை தலைமுறையான வழக்கம். இவர் மகள் இந்தச் சிறுமி பிறந்த வருஷத்து வைன் ஓக் பீப்பாயில் ஊறி முடிந்து போத்தலுக்கு வந்தபோது, முதலாளியம்மா இவருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார், இவள் வளர்ந்தபிறகு திறக்கச் சொல்லி.

"அங்க வைச்ச போத்தலை வருஷக்கணக்கா ஒருத்தரும் அசைக்க மாட்டினம். இது எங்களோட எத்தினை வீடு மாறிட்டுது!"

"இப்போ போறது சொந்த வீடா அண்ணே?"

"இல்லை, வாடகைதான்." கம்பளியை இழுத்து மூடுகிறார். "எண்டாலும் ஒவ்வொருமுறை தூக்கேக்கையும், இதுதான் கடைசி வீடு எண்டு இதுக்குச் சொல்லுறனான்."