படிவத்தின் நான்காவது கேள்வி

காலை எட்டு நாற்பது. வெள்ளாங்குளம் பொதுமண்டப வாசலில் முதலில் கண்ணில் பட்டவை செருப்புகள். இருபது சோடி இருக்கும். கடைசியில், ஒரு சோடி இராணுவச் சப்பாத்து.

சப்பாத்துக்காரர் உள்ளே, பின் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். இளம் சிப்பாய். அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலி. மற்ற வாங்குகளில் ஆட்கள் நெருக்கியடித்து இருந்தார்கள்.

இலவச அக்குபங்சர் முகாம். கொழும்பிலிருந்து ஒரு பெண் டொக்டர், ஒரு உதவியாளர், ஒரு பெட்டி ஊசி. போர் முடிந்து மீளக் குடியேறிய ஊரில் நோவுக்கா பஞ்சம்? முதுகு, முழங்கால், நித்திரை வராமை... நான் கழுத்துப் பிடிப்புக்காகப் போயிருந்தேன்.

பக்கத்தில் செல்வமலர். உதவியாகக் கிடைத்த தையல் மெசின்தான் அவர் வீட்டுக்குச் சோறு. இப்போது வலது கை விரல்கள் விறைக்கின்றன. போன கிழமை பெருவிரலில் மெசின் ஊசி ஏறியது. துணியில் இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம்.

"ஊசி ஏறினாலே தெரியாத கைக்கு ஊசி குத்தவோ வந்தனீ?" முன் வாங்கிலிருந்து ஒரு ஐயா கேட்டார்.

"உங்கட வாயிலையும் ஒண்டு குத்தச் சொல்லுறன், இருங்கோ ஐயா."

மண்டபம் சிரித்தது. சிப்பாய் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு நின்றது.

பேனை பிடிக்க முடியாமல் செல்வமலர் படிவத்தை என்னிடம் நீட்டினார். பெயர், வயது, நோவு. நான்காவது கேள்வி: முன்பு காயம் பட்டதா? உடம்பில் உலோகம் ஏதாவது உண்டா?

"இல்லையெண்டு எழுதுங்கோ அண்ணை."

சட்டை விளிம்புக்கு மேலே, தோளில் ஒரு தழும்பு. ஷெல் துண்டு. கேட்கவே தேவையில்லை.

"இன்னும் உள்ளுக்குள்ளையோ கிடக்குது?"

"ஓம். எழுதாதேங்கோ. எங்கை பட்டது, அப்ப ஆரோட நிண்டனீ எண்டு கேள்வி வரும்." அவர் கண் பின் வாங்குக்குப் போய்த் திரும்பியது.

நான் பத்திரிகைக்காரன்; செய்தியைச் சரிபார்த்தே பழகிய கை என்னுடையது. எழுதினேன் — இல்லை.

அவர் முறை வந்தது. ஊசிகளில் மாட்டுவதற்கு டொக்டர் கரண்ட் வயரை எடுத்து வைத்தார். உள்ளே இரும்புத் துண்டு கிடக்கிற உடம்பில் கரண்ட். சொன்னால் ஆபத்தா, சொல்லாவிட்டால் ஆபத்தா? பாதி எழுந்தேன்...

டொக்டர் முதலில் பெருவிரலால் கழுத்திலிருந்து தோள்வரை அழுத்திக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. மறுபடி அழுத்தினார். படிவத்தைப் பார்த்தார். செல்வமலரைப் பார்த்தார். பின் வாங்கையும் பார்த்தார். வயர் பெட்டிக்குள் போனது.

"கரண்ட் வேணாம். கையில மட்டும் போடுறேன். ஆஸ்பத்திரியில ஒரு எக்ஸ்ரே எடுங்க," என்றார், மெல்ல.

"எக்ஸ்ரேயிலை தெரியுமே டொக்டர்?"

"தெரியத்தானே எடுக்கிறது."

"அதுதான் பயம்."

வேறு ஊர்களில் காயம் ஒரு தகவல். இங்கே அது வாக்குமூலம். விறைத்த விரலைவிட அந்த ஒரு கட்டத்துக்கு இத்தனை பேர் பயப்படுவார்கள் என்று, படிவம் அச்சடித்தவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்து சிப்பாயின் பெயர் கூப்பிடப்பட்டது. எழுந்து போனார். அவருக்கும் முதுகு நோவாம். எல்லோரையும்போலக் குப்புறப் படுத்தார்.

நான் புறப்படும்போது, படிவங்களை அடுக்கித் தரும்படி உதவியாளர் கேட்டார். அடுக்கினேன். நான்காவது கேள்விக்கு எல்லாவற்றிலும் 'இல்லை'. ஒன்றில் மட்டும் மூன்று வரி எழுதியிருந்தது — சிங்களத்தில்.